மலைக்கள்ளன் முதல் மாவீரன் வரை: திரை வீரர்களும் சமுதாய விழுமியங்களும்

மனிதன் தன்னால் இயலாத செயல்களைத் தான் படைத்த கதைமாந்தரைக் கொண்டு நிறைவேற்றிக் கொள்கிறான். பறக்க இயலாதவன் பறக்கும் வீரனைப் படைக்கிறான். நீதி கிடைக்கப் பெறாதவன் நீதி வழங்கும் வீரனைப் படைக்கிறான். எனவே ஒரு காலத்து மக்கள் எத்தகைய வீரனை விரும்பினர் என்பதை அறிந்தால், அக்காலத்தில் அவர்கட்கு எது கிட்டவில்லை என்பதையும் நாம் அறிந்து கொள்ளலாம். இந்நோக்கில் தமிழ்த் திரையின் வீர நாயகர் சிலரை இங்கு ஆராய்வோம்.

திரைப்படத்தை ஆராய்வது தமிழ்த்துறைக்குரிய பணியா என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். திரையரங்கின் பக்கமே செல்லாத பெரியோர் நம் சமுதாயத்தில் பலர் உளர். ஆயினும் அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று கைப்பேசியிலேயே திரைப்படம் காண்கின்றனர். ஒரு காலத்தில் கற்றோரால் ஒதுக்கப்பட்ட கதைப்பாடலும் தெருக்கூத்தும் இன்று நம் பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளன. அவற்றின் வழித்தோன்றலாகிய திரைக்கதையை மட்டும் வாயிலில் நிறுத்துவது முறையன்று.

வீரனைப் போற்றும் மரபு தமிழர்க்குப் புதிதன்று. ஆநிரை மீட்டு இறந்த மறவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுத்துக் கூறுகிறது. அக்காலத்துச் செல்வம் ஆநிரை. ஆகவே அதை மீட்டவன் வீரன். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் படைப்போர் என ஒரு தனி வகையே எழுந்தது. அங்கு வீரன் மீட்பது ஆநிரையை அன்று, அறத்தை. வீரம் ஒன்றே எனினும் அவன் மீட்கும் பொருள் காலந்தோறும் மாறுகிறது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களைக் கண்டோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். அங்குச் சாந்து அச்சினுள் களிமண் குழம்பை ஊற்றிப் பொம்மை வார்க்கின்றனர். அச்சு பழையது, ஊற்றும் குழம்பும் மேற்பூசும் வண்ணமும் புதியவை. திரை வீரனும் அத்தகையவனே.

பிராது கேட்கும் தெய்வம்

கருவேப்பிலங்குறிச்சி வட்டார மக்களுக்கு நன்கு தெரிந்த வழக்கம் ஒன்றை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில் 'பிராது கட்டுதல்' என்னும் வழக்கம் உண்டு. பொருள் களவு போனவர், கொடுத்த கடன் திரும்பப் பெறாதவர், பங்காளியால் வஞ்சிக்கப்பட்டவர் முதலானோர் தம் பெயரையும் ஊரையும் குறையையும் தாளில் எழுதி முறைப்படி வைத்து வணங்கி, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிச் செல்வர். குறை தீர்ந்தபின் வந்து பிராதைத் திரும்பப் பெறுவதும் உண்டு. நீதிமன்றத்து நடைமுறை அப்படியே தெய்வத்தின் முன் வந்து நிற்பதைக் காண்கிறோம். மனுவும் முகவரியும் வேண்டும். வாய்தா மட்டும் இல்லை.

இஃது எம் சமய வழக்கம் அன்று. எனினும் ஒரு சமுதாய ஆவணமாக நோக்கின் இதன் பொருள் பெரிது. காவல் நிலையத்திலும் கச்சேரியிலும் தம் சொல் ஏறாது என்று எண்ணும் எளியோர் வேறோர் அலுவலகத்தை நாடுகின்றனர். தமிழ்த் திரையின் வீரன் பிறப்பது அந்த அலுவலகத்தில்தான். 2009ஆம் ஆண்டு வெளிவந்த 'கந்தசாமி' என்னும் படம் இதனை ஒளிவு மறைவின்றிக் காட்டியது. திருப்போரூர் முருகன் கோயில் மரத்தில் மக்கள் கட்டும் மனுக்களை எடுத்துப் படித்துச் சேவல் வேடம் பூண்ட ஒருவன் குறை தீர்க்கிறான். அவன் பகலில் மத்தியப் புலனாய்வு அதிகாரி. அரசின் அதிகாரியே ஆயினும், நீதி வழங்க அவன் இரவில் தெய்வத்தின் பெயரால் வர வேண்டியிருக்கிறது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது.

மேலைநாட்டாரின் 'சூப்பர் ஹீரோ' இவ்வகையில் சற்று வேறானவன். 1938இல் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு யூத இளைஞர் படைத்த சூப்பர்மேன், முதற்கதைகளில் மனைவியை அடிப்பவனையும் ஊழல் அரசியலாளரையும் எதிர்த்தான். பொருளாதார நெருக்கடிக் காலத்து அமெரிக்காவின் தேவை அது. 1941இல் கேப்டன் அமெரிக்கா முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரைக் குத்தினான். பின்னர் அவ்வீரர்கள் உலகையே காக்கப் புறப்பட்டு விட்டனர். நம் வீரனுக்கோ உலகைக் காக்கும் கவலை பெரும்பாலும் இருந்ததில்லை; ஊரைக் காப்பதே பெரும்பாடாயிற்று. சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் வாயிலாக வந்த இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ச் சிறுவர் கொண்டாடினர் எனினும், அவர் விருந்தினராகவே இருந்தார், வீட்டுப் பிள்ளையாகவில்லை.

மலைக்கள்ளன் பாடிய வீடு

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் புதினத்தைத் தழுவி, கோவைப் பட்சிராஜா நிறுவனத்தார் 1954இல் வெளியிட்ட படம் 'மலைக்கள்ளன்'. எம்.ஜி.ஆர். நாயகனாக நடித்தார். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படம் இதுவே. தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய ஐந்து மொழிகளில் இக்கதை மீண்டும் எடுக்கப்பட்டது. இரட்டை வாழ்வு, மறைவிடம், மறைபெயர் எனச் சூப்பர் ஹீரோவுக்குரிய இலக்கணம் யாவும் ஒருசேர அமைந்த தமிழ்ப்படம் இது. பறக்கும் ஆற்றல் ஒன்றே குறை.

மலைக்கள்ளன் செல்வரிடம் கொள்ளையிட்டு எளியோர்க்கு வழங்குகிறான். இது ராபின் ஹூட் முதலாக எங்கும் காணும் கதையே. ஆனால் அவன் பாடும் புகழ்பெற்ற பாடலொன்றின் உள்ளடக்கம் தனியே நோக்கத்தக்கது. பல தொழில் கற்போம், கஞ்சிக்கில்லை என்னும் நிலையை ஒழிப்போம், ஒவ்வொருவர்க்கும் வீடு கட்டுவோம் என்பது அதன் கருத்து. ஒரு கொள்ளையன் ஐந்தாண்டுத் திட்டத்தைப் பாடுகிறான்! அப்போது முதல் ஐந்தாண்டுத் திட்டம் நடைமுறையில் இருந்தது. விடுதலை பெற்று ஏழாண்டுகளே ஆகியிருந்தன. அரசு செய்யும் என்னும் நம்பிக்கையும், செய்யவில்லையே என்னும் ஏக்கமும் ஒன்றாகக் கலந்திருந்த காலம் அது. அன்றைய வீரன் தண்டிப்பதைக் காட்டிலும் கட்டுவதைப் பற்றியே மிகுதியும் பேசினான்.

இரண்டாண்டு கழித்து 1956இல் வந்தது 'மதுரை வீரன்'. நாட்டுப்புறத் தெய்வமாகிய வீரனைத் திரைக்குக் கொணர்ந்த படம். அச்சில் வழங்கிய கதையைப் போலவே இப்படமும் அவனைக் காசி அரசனுக்குப் பிறந்து, காட்டில் விடப்பட்டுச் செருப்புத் தைக்கும் இணையரால் வளர்க்கப்பட்டவன் என்று காட்டியது. அவனைக் குலதெய்வமாக வணங்கும் அருந்ததியரின் வாய்மொழி வழக்கோ அவனைத் தம் குலத்துப் பிள்ளை என்றே கூறுகிறது. தாழ்த்தப்பட்டோர் வீட்டில் வளர்ந்தவன் வீரனாக இருப்பதைத் திரை ஏற்றது. அவ்வீட்டிலேயே பிறந்தவனாக இருப்பதை ஏற்கவில்லை. படம் பெருவெற்றி பெற்றது. வீரனைத் தம்மவனாகக் கொண்டோர் அதனைத் திரளாகக் கண்டு மகிழ்ந்தனர். ஆயினும் அச்சமுதாயத்தின் தயக்கம் அந்தக் காசி அரசனின் வடிவில் படத்தினுள் பதிந்து கிடக்கிறது. படத்தின் முடிவில் வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறக்கிறான். நடுகல் மரபின் எச்சம் இது. இதன்பின் எம்.ஜி.ஆர். படங்களில் நாயகன் இறப்பது அரிதாயிற்று. இறந்து தெய்வமாகும் வீரனை விட, வாழ்ந்து தலைவனாகும் வீரனையே மக்கள் விரும்பத் தொடங்கினர். 'நாடோடி மன்னன்' (1958), அடிமைகளை விடுவிக்கும் மருத்துவனைக் காட்டிய 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) ஆகியவற்றை இவ்வரிசையில் வைக்கலாம். மின்னலின் ஆற்றலைச் சேமிக்கும் அறிவியலறிஞனை நாயகனாக்கிய 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973) விஞ்ஞானத்தின் மீது அக்காலத்தார் கொண்ட மதிப்பைக் காட்டும். அதைப் பற்றி இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

இடம் கிடைக்காத மாணவன்

தொண்ணூறுகளில் வீரனின் பகைவன் மாறினான். சிற்றரசனும் பண்ணையாரும் மறைந்து, அலுவலக நாற்காலியில் அமர்ந்திருப்பவர் பகைவரானார்.

கல்லூரி மலராதலின் 1993இல் வெளிவந்த 'ஜென்டில்மேன்' படத்தைச் சற்று விரிவாகக் காண்போம். ஷங்கர் இயக்கிய இப்படத்தில் அர்ஜுன் பகலில் அப்பளத் தொழில் நடத்துபவர், இரவில் கொள்ளையர். தகுதியிருந்தும் இலஞ்சம் தர இயலாமையால் மருத்துவக் கல்வி மறுக்கப்பட்டவர். கொள்ளையிட்ட பணத்தைக் கொண்டு கட்டணமில்லாக் கல்லூரி ஒன்றைக் கட்டுகிறார். இக்கதை வானத்திலிருந்து விழுந்ததன்று. தமிழகத்தில் 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தோன்றலாயின. நன்கொடை என்னும் பெயரால் இடங்கள் விற்கப்படுவதாக எங்கும் பேச்சு எழுந்தது. 1992இல் மோகினி ஜெயின் வழக்கிலும் 1993 பிப்ரவரியில் உன்னிகிருஷ்ணன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் நன்கொடைக் கட்டணம் குறித்துத் தீர்ப்பளித்தது. தமிழக அரசும் 1992இல் அதனைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. தீர்ப்பு வந்த அதே ஆண்டில் திரைக்கு வந்தது ஜென்டில்மேன். சட்டம் இருந்தும் மக்கள் கொள்ளையனுக்கே கைதட்டினர். அப்படத்தினுள் இடஒதுக்கீட்டின் மீதான மறைமுக மனக்குறை இருப்பதாகத் திறனாய்வாளர் சிலர் கூறியதும் எண்ணத்தக்கது. மண்டல் குழுப் பரிந்துரை நாட்டையே உலுக்கி மூன்றாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. 'தகுதி' என்னும் சொல்லுக்குள் யாருடைய வருத்தம் ஒலிக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும்.

இங்கு ஒன்று கூறத் தோன்றுகிறது. கட்டணமில்லாக் கல்லூரி கட்டக் கொள்ளையடித்தாக வேண்டும் என்பது அப்படத்தின் முடிபு. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி 1951இலும், பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971இலும் தோன்றின. அவற்றைக் கட்டியவர் கொள்ளையர் அல்லர்; வணிகரும் கொடையாளருமே. திரைக்கதை ஆசிரியர்களுக்கு இச்செய்தி எட்டவில்லை போலும். அதே வேளையில், அக்கொடையின் பயன் இன்றைய ஏழை மாணவனுக்கு எவ்வளவு எட்டுகிறது, சுயநிதிப் பிரிவின் கட்டண அட்டையைக் கண்டு திரும்பிப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்னும் வினாவை நிறுவனம் நடத்துவோர் அனைவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 2019இல், 'ஹீரோ' என்னும் படத்தில் அதே அர்ஜுன் ஆசிரியராக வருகிறார். முகமூடி அணிபவர் சிவகார்த்திகேயன். அவர் போலிச் சான்றிதழ் அச்சிட்டு வாழ்ந்தவர். இடைப்பட்ட காலத்தில் தமிழகத்தில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூற்றைக் கடந்துவிட்டன. 1993இன் மாணவன் இடம் கிடைக்கவில்லை என்று அழுதான். 2019இன் மாணவன் இடம் கிடைத்துப் பட்டமும் பெற்றபின், கற்றது என்ன என்று அறியாமல் நிற்கிறான். இரு படங்களையும் அடுத்தடுத்துக் காண்போர்க்கு நம் கல்வியின் கால் நூற்றாண்டு வரலாறு கிடைக்கும். கலையழகில் ஹீரோ பின்தங்கியதே. ஆனால் அது கேட்ட கேள்வி பெரிது.

மீண்டும் தொண்ணூறுகளுக்கு வருவோம். 1996இல் 'இந்தியன்' வந்தது. நேதாஜியின் படையில் இருந்த முதியவர் சேனாபதி வர்மக்கலை கொண்டு இலஞ்ச அதிகாரிகளைக் கொல்கிறார்; இறுதியில் பெற்ற மகனையும் விடவில்லை. விடுதலை வாங்கித் தந்த தலைமுறை பேரப்பிள்ளைகளின் காலத்தைக் கண்டு தீர்ப்பளிப்பது போன்ற அமைப்பு. 2002இல் வந்த 'ரமணா'வில் நாயகன் நம் தொழிலைச் சேர்ந்தவர், கல்லூரிப் பேராசிரியர். அலுவலகந்தோறும் அமர்ந்திருக்கும் பழைய மாணவர்களைக் கொண்டு, மிகுதியாக இலஞ்சம் வாங்குவோர் பட்டியலைத் திரட்டுகிறார். பேராசிரியர் பலர் அப்படத்தை விரும்பிக் கண்டனர். பழைய மாணவர் இத்தனை பேர் சொன்ன சொல் கேட்பர் என்பதே நமக்கு அதில் வியப்பான செய்தி.

2005இல் வந்த 'அந்நியன்' இவற்றினின்றும் வேறு திசையில் சென்றது. இதன் நாயகன் ஒரு வழக்கறிஞன். மனப்பிளவு நோயால் அந்நியனாக மாறிக் கருட புராணத் தண்டனைகளை வழங்குகிறான். அவனிடம் தண்டனை பெறுவோர் யாவர்? அடிபட்டவனை வண்டியில் ஏற்ற மறுத்தவர், இரயிலில் கெட்ட உணவு வழங்கிய ஒப்பந்தக்காரர், தரமற்ற பிரேக் கம்பி செய்தவர். மன்னனிடம் தொடங்கிய பகை அமைச்சரிடமும் அதிகாரியிடமும் இறங்கி, இப்போது அண்டை வீட்டுக்காரரிடம் வந்து நிற்கிறது. மலைக்கள்ளனுக்கு மக்கள் காக்கப்பட வேண்டியவர்; அந்நியனுக்கு அவர்களே குற்றவாளிகள். தண்டனையின் கடுமை கூடக்கூட அரங்கில் கைதட்டலும் கூடியது. விசாரணையின்றித் தண்டிப்பதைக் கண்டு மகிழும் மனநிலை திரையரங்கோடு நின்றுவிடுவதில்லை என்பதே நம் அச்சம்.

வீட்டுக்குள் அல்லலுறும் பெண்ணின் குறையை இவ்வீரர்களில் எவரும் பெரிதாகக் கேட்டதில்லை. அதனாலேயே 'ஆடி வெள்ளி' (1990), 'ராஜகாளி அம்மன்' (2000) முதலிய இராம நாராயணன் படங்களுக்குப் பெண்கள் கூட்டங்கூட்டமாகச் சென்றனர். கொடுமைக்கு உள்ளாகும் மருமகளின் பிராதை எடுத்துக்கொண்டவள் அம்மன் ஒருத்தியே. அறிஞர் இப்படங்களை எள்ளி நகையாடினர். அவர்தம் இல்லத்துப் பெண்டிர் மாலைக்காட்சிக்குச் சென்றனர்.

மறைபெயர்களின் வரலாறு

மலைக்கள்ளனின் மறைபெயர் யாது என்பதை மேலே கூறாது விட்டோம். பகலில் அவன் அப்துல் ரஹீம் என்னும் இஸ்லாமிய வணிகனாக ஊருக்குள் உலவுகிறான். செல்வர் வீட்டிலும் காவல் அதிகாரியிடமும் அவனுக்கு மதிப்புண்டு. எவரும் அவனை ஐயுறுவதில்லை. தேடப்படும் ஒருவன் ஒளிந்துகொள்ளத் தேர்ந்த மிகப் பாதுகாப்பான வேடம் இஸ்லாமியப் பெயர் என்றால், 1954இன் தமிழ்ச் சமுதாயத்தில் அப்பெயர் பெற்றிருந்த நன்மதிப்பை உணரலாம். இன்றைய மாணவர் இதனை நம்பவும் தயங்குவர்.

1995 ஜனவரியில் 'பாட்ஷா' வந்தது. ஆட்டோ ஓட்டுநர் மாணிக்கம், கொலையுண்ட நண்பன் அன்வர் பாட்ஷாவின் பெயரைத் தன் பெயரோடு இணைத்து மாணிக் பாட்ஷா ஆகிறான். பாபரி மசூதி இடிக்கப்பட்டு ஈராண்டு கழிந்திருந்தது. காஷ்மீரத் தீவிரவாதத்தைக் கதையாக்கிய 'ரோஜா' 1992இலேயே வந்துவிட்டது. அத்தகைய சூழலில், தமிழகமே கொண்டாடிய நாயகன் ஓர் இஸ்லாமியத் தோழனின் பெயரைப் பெருமையாகச் சூடிக்கொண்டான். ஆயினும் அன்வர் இறந்தபின்னரே அவன் பெயருக்கு வாழ்வு வந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

2013இல் 'விஸ்வரூபம்'. இங்கு வேடம் தலைகீழாயிற்று. நியூயார்க்கில் கதக் கற்பிக்கும் விஸ்வநாதன் உண்மையில் விசாம் அகமது காஷ்மீரி என்னும் உளவு அதிகாரி. ஐம்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் இஸ்லாமியப் பெயருக்குள் வீரன் ஒளிந்தான். இப்போது இஸ்லாமியன் வேற்றுப் பெயருக்குள் ஒளிகிறான். படம் இஸ்லாமியரைக் காட்டிய முறை குறித்து அமைப்புகள் பல எதிர்ப்புத் தெரிவித்தன. தமிழக அரசு தற்காலிகத் தடை விதித்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் பிப்ரவரி 7ஆம் நாள் படம் வெளிவந்தது. அத்தடை சரியா என்பதில் நமக்குள்ளேயே இரு கருத்துகள் உண்டு. ஆனால் அந்த வருத்தம் ஒரு படத்தால் மட்டும் எழுந்ததன்று. இருபதாண்டுகளாகத் திரையில் குல்லாவும் தாடியும் கண்ட இடத்தில் வெடிகுண்டும் கண்டு சலித்த வருத்தம் அது.

2021இல் வெளிவந்த வெங்கட் பிரபுவின் 'மாநாடு' படத்தில் நாயகனின் பெயர் அப்துல் காலிக். துபாயிலிருந்து நண்பனின் திருமணத்துக்காகக் கோவைக்கு வருபவன். அவனுக்கு வேடமில்லை, மறைபெயரில்லை. ஆனால் அதிமனித ஆற்றல் உண்டு. ஒரே நாள் அவனுக்கு மட்டும் திரும்பத் திரும்ப விடிகிறது. முதலமைச்சரைக் கொன்று பழியைத் தன் சமுதாயத்தின் மீது சுமத்த எண்ணுவோரை ஒவ்வொரு நாளும் தடுக்க முயன்று இறந்து, மீண்டும் விழித்து முயல்கிறான். கலவர நாளில் காலபைரவர் கோயிலுக்குள் பிறந்தவன் அவன் என்றும் கதை கூறுகிறது. அப்துல் ரஹீமை எவரும் ஐயுறவில்லை. அப்துல் காலிக்கோ, குற்றமற்றவன் என்று காட்டுவதற்கே ஒரே நாளைப் பன்முறை வாழ வேண்டியவன் ஆகிறான்.

வீரனும் மாவீரனும்

2023ஆம் ஆண்டு அடுத்தடுத்த மாதங்களில் வெளிவந்த இரு படங்களோடு நிறுத்துவோம். ஜூனில் வந்த 'வீரன்' படத்தில், மின்னல் தாக்கி ஆற்றல் பெற்ற இளைஞன் தன் ஊருக்கு ஆபத்தான மின்திட்டத்தைத் தடுக்க, ஊர் எல்லைத் தெய்வமாகிய வீரனின் வேடத்தைப் புனைகிறான். வெள்ளாற்றங்கரை ஊர்களில் எல்லைச்சாமியைக் கண்டு வளர்ந்தோர்க்கு அவ்வேடம் புதிதாகத் தோன்றாது. மதுரை வீரன் போல அவனுக்குக் காசி அரசன் தந்தையாக வேண்டிய தேவையும் இல்லை.

ஜூலையில் வந்தது மடோன் அஸ்வின் இயக்கிய 'மாவீரன்'. நாயகன் சத்யா கோழை. நாளிதழுக்கு மாவீரன் என்னும் படக்கதை வரைந்து பிழைப்பவன். அவன் குடும்பம் குடிசைப் பகுதியிலிருந்து அகற்றப்பட்டு அரசு கட்டிய அடுக்குமாடியில் குடியமர்த்தப்படுகிறது. ஒவ்வொருவர்க்கும் வீடு கட்டித் தருவதாக மலைக்கள்ளன் பாடினான் அல்லவா? அந்த வீடு வந்து சேர்ந்துவிட்டது. சுவரில் வெடிப்பு, தொட்டால் பூச்சு உதிர்கிறது. 2021இல் சென்னைப் புளியந்தோப்பு கே.பி. பூங்கா அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவர்ப்பூச்சு கைபட்ட அளவில் உதிர்ந்து, அரசு வல்லுநரைக் கொண்டு ஆய்வு செய்ய நேர்ந்ததை நாளிதழ் படிப்போர் மறந்திரார்.

சத்யாவின் செவியில் மட்டும் ஒரு குரல் கேட்கிறது. அஃது அவனை மாவீரன் என்று அழைத்து, அவன் அடுத்துச் செய்யப்போவதைக் கதையாகச் சொல்கிறது. மக்களுக்காக அவன் இறப்பான் என்றும் கூறுகிறது. பழைய நடுகல்லின் குரல்தான் அது. அவனோ அதைக் கேட்டு நடுங்கி ஓடப் பார்க்கிறான். சாக விரும்பாத முதல் வீரன். கட்டடம் சரியும் நேரத்தில் உள்ளிருக்கும் அண்டை வீட்டாரை மாடிப்படி வழியே வெளியேற்றுவதில்தான் அவன் வீரமெல்லாம் செலவாகிறது.